ஜாஸ்-ராக் கிட்டார் கலைஞருக்கு மூன்று வழிகள்: சொந்தக் குழு, செஷன், தொலைக்காட்சி இசை

விரல் ஓடுகிறது. கார்டுகளின் (சேர்ந்தொலிக்கும் சுரங்களின்) உறவு புரிகிறது. ஆம்பை (கிட்டாரின் ஒலிபெருக்கியை) திறந்துவிட்டால் ராக் குழுவுக்கு ஈடுகொடுக்கவும், அடக்கி வைத்தால் ஜாஸ் கலைஞர்களோடு உட்காரவும் முடிகிறது. இந்த நிலைக்கு வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: சொந்தக் குழு கட்டி மேடை ஏறுவதா, ஸ்டுடியோவில் பிறருக்குக் கூலிக்கு வாசிப்பதா (இதைத்தான் செஷன் என்பார்கள்), தொலைக்காட்சித் தொடர்களுக்கு இசையமைப்பதா?

இந்த மூன்று வேலைகளும் இன்றைய வடிவத்துக்கு வந்தது 1960களுக்கும் 1980களுக்கும் இடையில், லாஸ் ஏஞ்சலிஸிலும் நியூயார்க்கிலும் லண்டனிலும். அதனால் கணக்குகளும் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. அந்த ஊர்களின் பெரிய கிட்டார் கலைஞர்களைப் பார்த்தால், ஒரே வழியில் கடைசிவரை போனவர்கள் குறைவு. எந்த வரிசையில் போனார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் எந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டார்கள் என்பதில்தான் அவர்கள் வாழ்க்கை பிரிகிறது.

## எதை வைத்து அளப்பது

முதலில் பணம். எவ்வளவு என்பதைவிட எப்போது வரும், எப்போது நிற்கும் என்று கேளுங்கள். வாசித்ததற்கான கூலி வாசித்த நாளோடு பெரும்பாலும் முடிந்துவிடும். எழுதியதற்கான ராயல்டி தாமதமாக வரும், ஆனால் பல வருடம் வரும்.

அடுத்தது உரிமை. பாட்டை எழுதியவர் யார், ஒலிப்பதிவு யாருடையது, வாசித்தவர் பெயர் எந்தத் தாளில் பதிவாகிறது என்பவை மூன்று தனித்தனி விஷயங்கள். இவற்றைக் குழப்பிக்கொண்டதால் ஏமாந்தவர்கள் ஏராளம்.

மூன்றாவது, உங்களுக்கென்று ஒரு தொனி உருவாகிறதா என்பது. நாலு நோட்டில் இன்னார் வாசிப்பது என்று அடையாளம் தெரிய வேண்டும். காது, மணிக்கட்டு, தூக்கம், குடும்பம் ஆகியவற்றில் கொடுக்கும் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருக்காது.

| | சொந்தக் குழு | செஷன் | தொலைக்காட்சி இசை |
|---|---|---|---|
| பணம் வரும் விதம் | கச்சேரிக்குக் கச்சேரி, ஏற்ற இறக்கம் | மணிக்கணக்கில், சீக்கிரம் வரும் | முன்பணம், பிறகு ராயல்டி |
| உரிமை | நீங்கள் எழுதியது உங்களுடையது | பெரும்பாலும் கூலி மட்டும் | பதிப்புரிமை நிறுவனத்துக்கு, இசை எழுதியவர் பங்கு உங்களுக்கு |
| தனித் தொனி | இங்கேதான் உருவாகிறது | கூர்மையாகலாம், மழுங்கவும் செய்யலாம் | ஏற்கெனவே இருந்தால் விலைபோகும் |
| மறைந்த செலவு | பயணம், கமிஷன், காது | வாத்தியங்கள், காத்திருப்பு | கலைஞர் கூலி, மிக்ஸிங், தூக்கம் |
| கட்டாயம் தேவை | கூட்டாளிகள், பொறுமை | நொட்டேஷன் (இசைக்குறிப்பு) வாசிப்பு | கெடு தவறாமை, இசைக்கோர்ப்பு அறிவு |

## சொந்தக் குழு

ஜாஸ்-ராக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் பாதை இதற்கு நல்ல பாடம். 1960களில் லண்டனில் செஷன் வாசித்துச் சலித்துப்போனவர். 1969-ல் நியூயார்க் போய் டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸின் லைஃப்டைம் குழுவில் சேர்ந்தார். அதே வருடம் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவுகளிலும் வாசித்தார். 1971-ல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா பிறந்தது. ஜாஸ்-ராக் என்றதும் இன்றும் காதில் ஒலிக்கும் அந்த வேகமும் ஒற்றைப்படைத் தாளக்கணக்கும் அங்கே உருவானவை. அந்த முதல் குழு 1973 இறுதியில் உடைந்தது. பயணக் களைப்போடு, யார் எழுதிய இசையை வாசிப்பது என்ற மனத்தாங்கலும் காரணம். ஆல்பங்களில் இசை மெக்லாஃப்லின் பெயரில். மற்றவர்களுக்கும் சொந்தமாக எழுத ஆசை. குழு தொடங்கும்போதே எழுத்துப் பங்கைத் தாளில் எழுதிவைக்காவிட்டால், வெற்றி வந்த அன்றே சண்டையும் வரும்.

அவர் அடுத்து எடுத்த முடிவு நமக்கு நெருக்கமானது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழுவில் மின்கிட்டாரை வைத்துவிட்டு அகௌஸ்டிக் எடுத்தார். சந்தைக் கணக்குப் போட்டவர் செய்யும் காரியமல்ல அது. ஆனால் ஐம்பது வருடம் கழித்தும் பேசப்படுவது அந்த முடிவுதான். சொந்தக் குழு தரும் பெரிய லாபம் இந்தச் சுதந்திரம்.

விலை? ஒரு கச்சேரிக்கு 100 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். ஏஜென்டுக்கு 10, மேனேஜருக்கு 15. பெரும்பாலும் இருவரும் மொத்த வரவில்தான் பங்கு எடுப்பார்கள், செலவு போக மிஞ்சியதில் அல்ல. மீதி 75-ல் வண்டி, டீசல், அறை, ஒலிப்பொறியாளர், கருவிக் காப்பீடு. அதற்கே 50 போனால் ஐந்து பேர் பிரிக்க 25 மிஞ்சும்: தலைக்கு 5. ஒரு கச்சேரி ரத்தானால் அன்றைய அறை வாடகை கைக்காசு. இசை நுட்பத்தில் உச்சத்தில் இருந்தவர்களுக்கும் இது விதிவிலக்கல்ல. கிட்டார் கலைஞர் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தைப் போல லெகாட்டோ (சுரங்களை இடைவெளியின்றி இழைத்து) வாசித்தவர் இல்லை என்று சக கலைஞர்களே சொல்வார்கள். 2017-ல் அவர் இறந்தபோது இறுதிச் சடங்குச் செலவுக்கு ரசிகர்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. சில நாளிலேயே கேட்டதைவிடப் பல மடங்கு குவிந்தது. அத்தனை அன்பு இருந்தும் அது வாழ்நாளில் வருமானமாக மாறவில்லை என்பது நெஞ்சை உறுத்துகிறது.

காது தனிக் கணக்கு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு, 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். டிரம்ஸின் சிம்பலுக்கு ஓரடி தள்ளி நின்று தொண்ணூறு நிமிடம் வாசிப்பவர் இந்தக் கணக்கை ஒவ்வொரு இரவும் மீறுகிறார். காதில் அச்செடுத்துச் செய்த அடைப்பானுக்கு முதல் சம்பளத்திலேயே பணம் ஒதுக்குங்கள். பெடலை அப்புறம் வாங்கலாம்.

இது யாருக்கு: முப்பது வயதுக்குள் இருப்பவர், பெரிய கடன் இல்லாதவர், சொந்தமாக எழுத இசை இருப்பவர். வாசிக்கத் தெரியும், எழுத எதுவும் இல்லை என்றால் குழு தொடங்க அவசரப்படாதீர்கள்.

## செஷன்

இந்த உலகத்தின் அலகு மூன்று மணி நேரம். அமெரிக்க இசைக்கலைஞர் சங்க ஒப்பந்தத்தில் வழக்கமான ரெக்கார்டு செஷன் மூன்று மணி, அதற்குள் 15 நிமிட இசை வரை முடிக்கலாம். பிரிட்டனில் அதே மூன்று மணிக்கு 20 நிமிடம். குழுவை வழிநடத்துபவருக்கு இரட்டைக் கூலி. ஒரே செஷனில் இன்னொரு வாத்தியமும் வாசித்தால் கூடுதல் சதவீதம்.

உள்ளே நடப்பது இதுதான். பத்து மணிக்கு முதல் டேக் (பதிவு முயற்சி) என்றால் ஒன்பதரைக்குள் ஆம்ப் சூடாகி, கேபிள் இரைச்சல் பார்த்து, சுருதி சேர்ந்திருக்க வேண்டும். ஸ்டாண்டில் தாள் வரும். அதை வாசிக்குமுன் மூன்றைக் கண்ணால் தேடுங்கள்: திரும்பும் குறிகள், தாளம் மாறும் இடம், கீ மாறும் இடம். பென்சிலால் வட்டம் போடுங்கள். கிட்டார் நொட்டேஷன் ஒலிப்பதைவிட ஒரு எட்டுசுரம் (ஒரு ஸ்தாயி) மேலே எழுதப்படுவது. இது தெரியாத இசைக்கோர்ப்பாளர் பியானோ தாளையே கொடுத்துவிடுவார், சத்தம் ஓர் எட்டுசுரம் கீழே விழும். சந்தேகம் வந்தால் டேக்குக்கு முன் ஒரே வரியில் கேட்டுவிடுங்கள். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் மூன்றாவது டேக்கில் கேட்பது மற்ற எல்லோருடைய நேரத்தையும் தின்பதாகும்.

நைலான் கிட்டாருக்கு மைக் அரையடியில் இருக்கும். கைக்கடிகாரம், ஜிப் வைத்த மேல்சட்டை, கிரீச்சிடும் நாற்காலி எல்லாமே பதிவாகும். பன்னிரண்டு தந்திக் கிட்டாரின் தந்தியை அன்று காலையில் மாற்றினால் மதியம்வரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். முந்தின நாளே மாற்றி இழுத்து வைக்க வேண்டும்.

டாமி டெடெஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸின் அதிகம் பதிவான கிட்டார் கலைஞர்களில் ஒருவர், மாண்டலினோ பான்ஜோவோ எது கொடுத்தாலும் கிட்டார் சுருதியிலேயே தந்திகளைச் சேர்த்துக்கொள்வார். விரல் இடங்கள் மாறாது, கேட்பவருக்கு வாத்தியத்தின் நிறம் கிடைக்கும். இன்றும் வேலை செய்யும் தந்திரம். ஆனால் வாத்தியங்களை வாங்கியாக வேண்டும்: மின்கிட்டார் இரண்டு வகை, ஸ்டீல் தந்தி, நைலான், பன்னிரண்டு தந்தி, பாரிடோன், மாண்டலின், ஸ்லைடு, வால்யூம் பெடல். மாதம் ஒருமுறைகூட வெளியே வராத வாத்தியத்துக்கும் செட்டப் செலவு உண்டு.

பெரிய இழப்பு உரிமையில். முதல் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக 1962-ல் அந்தக் கிட்டார் மெட்டை வாசித்தவர் விக் ஃப்ளிக். உலகம் முழுக்கத் தெரிந்த சத்தம் அது. அவருக்குக் கிடைத்தது செஷன் கூலி, பத்து பவுண்டுகூட இல்லை. மெட்டு அவருடையதல்ல என்பது சட்டத்தில் சரி. அந்த மெட்டை மறக்க முடியாததாக்கிய, தந்தியைத் தட்டும் விதமும் தொனியும் அவருடையவை. அவற்றுக்குச் சட்டத்தில் பெயர் கிடையாது.

ஆனாலும் கூலியோடு எல்லாமே முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் சங்க ஒப்பந்தப்படி பதிவான ரெக்கார்டுகளுக்கு ஐந்து வருடம் சிறப்புப் பணம் வரும்; படமும் தொடரும் வேறு சந்தைகளுக்குப் போனால் அதற்கென்று தனி நிதி உண்டு. பிரிட்டனில் ஒலிப்பதிவு ஒலிபரப்பானால் பிபிஎல் அமைப்பு செஷன் கலைஞருக்கும் பங்கு தரும். வெளியாகி 50 வருடம் கடந்த பதிவுகளின் வருவாயில் 20 சதவீதத்தை நிறுவனம் செஷன் கலைஞர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இவை எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: அன்றைய செஷன் பதிவுத் தாளில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் நண்பர்தானே என்று தாள் போடாமல் வாசித்த செஷனுக்கு இருபது வருடம் கழித்து ஆதாரம் தேட முடியாது. தேதி, ஸ்டுடியோ, பாட்டுப் பெயர், வாசித்த வாத்தியம்: அன்றிரவே குறித்துவையுங்கள்.

தொனி மழுங்கும் ஆபத்தும் இருக்கிறது. தினமும் மற்றவர் கேட்பதையே கொடுத்தால் நமக்கு என்ன பிடிக்கும் என்பது மறந்துபோகும். அதை வென்றவர் லாரி கார்ல்டன். 1970களில் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான செஷன்கள். கூடவே 1971 முதல் க்ரூசேடர்ஸ் குழுவில் சொந்தக் குரலை வளர்த்தார். ஸ்டீலி டான் என்ற அமெரிக்கக் குழு 1976-ல் வெளியிட்ட 'கிட் சார்லமேன்' பாட்டில் அவர் வாசித்த சோலோவை (தனி வாசிப்பை) கேளுங்கள்: கிப்சன் இஎஸ்-335, அதிகம் கலங்காத ஒரு டியூப் ஆம்ப், கார்டு மாறும் ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கார்டின் உள்நோட்டைத் தொட்டுச் செல்லும் வரிகள். கூலிக்கு வாசித்ததுதான், ஆனால் வேறு யாரும் அப்படி வாசித்திருக்க முடியாது. 1977-ல் அதே ஸ்டீலி டானின் 'பெக்' பாட்டுக்குப் பல கிட்டார் கலைஞர்கள் முயன்றும் எடுபடாமல், கடைசியில் ஜே கிரேடனின் சோலோ நின்றது. அவர் செஷனோடு நிற்கவில்லை. பாட்டெழுதவும் தயாரிக்கவும் போனார்.

இது யாருக்கு: நொட்டேஷனை முதல் பார்வையில் வாசிப்பவர், நேரம் தவறாதவர், தன் சோலோ வெட்டப்பட்டாலும் முகம் மாறாதவர். பெரிய ஸ்டுடியோ அறைகள் குறைந்து, வீட்டிலிருந்தே டிராக் அனுப்பும் வேலை பெருகிவிட்டது. அனுப்பும்போது ஆம்ப் சத்தத்தோடு சுத்த நேரடி சிக்னலையும் தனி டிராக்காகக் கொடுங்கள். அவர்களுக்குத் தொனி பிடிக்காவிட்டால் மீண்டும் வாசிக்க வேண்டியிருக்காது.

## தொலைக்காட்சி இசை

ஒரு மணி நேர நாடகம் என்றால் விளம்பரம் போக நாற்பத்துச் சொச்சம் நிமிடம். அதில் 20 முதல் 30 நிமிடம் வரை இசை வரலாம். இயக்குநரோடு உட்கார்ந்து எங்கே இசை தொடங்கும், எங்கே நிற்கும் என்று முடிவுசெய்த பிறகு கையில் இருப்பது ஒரு வாரம், சில சமயம் ஐந்து நாள். அடுத்த வாரம் அடுத்த எபிசோடு. பழைய அமெரிக்க சீசனுக்கு 22 எபிசோடு. இன்றைய ஸ்ட்ரீமிங் தொடருக்கு எட்டோ பத்தோ.

கிட்டார் கலைஞருக்கு இங்கே புதிய வேலை, நேரத்தைக் கணக்கிடுவது. ஒரு காட்சியில் 12.5-ஆவது விநாடியில் கதவு திறக்கிறது. அங்கே பாரின் (ஒரு தாளச் சுற்றின்) முதல் தட்டு விழ வேண்டும். நீங்கள் நினைத்த வேகம் நிமிடத்துக்கு 92 தட்டு. கணக்குப் போட்டால் அந்த இடம் 19.17 தட்டில் வருகிறது, கையில் பிடிபடாது. வேகத்தை 91.2-க்கு இறக்கினால் சரியாக 19 தட்டு: நான்கு பார் நாலு தட்டிலும், ஐந்தாவது பார் மூன்று தட்டிலும் போட்டால் ஆறாவது பாரின் முதல் தட்டு கதவில் விழும். அல்லது 96-க்கு ஏற்றினால் 20 தட்டு, நேராக ஐந்து பார். காட்சி பதற்றமானதென்றால் இரண்டாவது, தயக்கமானதென்றால் முதலாவது. ஒற்றைப்படைத் தாளத்தில் ஊறிய ஜாஸ்-ராக் கலைஞருக்கு இந்த மூன்று தட்டு பார் சிரமமே தராது. இந்த வேலையில் அவருக்கு இருக்கும் நிஜமான அனுகூலம் அது.

தவறும் அவருக்கே உரியது: வசனத்தின் கீழே சோலோ எழுதுவது. கிட்டாரின் தெளிவு இருக்கும் அதே அதிர்வெண்களில்தான் பேச்சின் மெய்யெழுத்துகளும் இருக்கின்றன. மிக்ஸில் வசனம்தான் ஜெயிக்கும், கிட்டார் கீழே தள்ளப்படும். வசனத்துக்கு அடியில் நீண்ட நோட்டுகள், வால்யூம் பெடலில் எழும் கார்டுகள், தாழ்ந்த தந்திகள். பேச்சு நின்ற இடைவெளியில் மட்டும் ஒரு சொற்றொடர். இன்னொரு தலைவலி, எடிட்டர் தற்காலிகமாகப் போட்டு வைத்த இசை. மூன்று வாரம் அதைக் கேட்ட தயாரிப்பாளர் அதிலேயே மனசைப் பறிகொடுத்திருப்பார். அதன் வேகத்தையும் வாத்திய அடர்த்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள், மெட்டை மட்டும் தொடாதீர்கள். வழக்கு அங்கிருந்துதான் வரும்.

பணத்தின் உள்கணக்கு: 'பேக்கேஜ்' ஒப்பந்தத்தில் கொடுக்கும் தொகைக்குள்ளேயே வாசிப்பவர் கூலி, ஸ்டுடியோ, மிக்ஸிங், தாள் தயாரிப்பு, திருத்தம் எல்லாம் அடக்கம். நான்கு வயலின் வேண்டும் என்று ஆசைப்பட்டால் அது உங்கள் பையிலிருந்து போகும். பதிப்புரிமை பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்துக்கு. ஆனால் ஒலிபரப்பு ராயல்டியின் பாதி இசை எழுதியவர் பங்கு. அதைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரேயடியாகத் தொகை கொடுத்து அந்தப் பங்கையும் கேட்கும் ஒப்பந்தங்கள் வருகின்றன. தொகை கவர்ச்சியாக இருக்கும். தொடர் பத்து நாட்டில் மறுஒளிபரப்பாகும்போது கசக்கும்.

ராயல்டி வருவதற்கான சாவி கியூ ஷீட்: ஒவ்வொரு இசைத்துண்டின் பெயர், எழுதியவர், விநாடி, அது டைட்டிலா பின்னணியா என்ற குறிப்பு. பெயர் தவறினாலோ தாள் போகாவிட்டாலோ பணம் வராது. யாரும் தேடிவந்து கொடுக்க மாட்டார்கள். ஒளிபரப்பான ஆறு முதல் ஒன்பது மாதம் கழித்துத்தான் முதல் காசோலை வரும், வெளிநாட்டுப் பங்கு இன்னும் தாமதம். அந்த இடைவெளிக்கான வாடகைப் பணம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்த யான் ஹாமர், சிந்தசைசரைக் கிட்டார் போல வளைத்து வாசிப்பதில் பேர்போனவர். 1984-ல் 'மயாமி வைஸ்' தொடருக்கு நியூயார்க் மாநிலத்தில் தன் வீட்டு ஸ்டுடியோவிலிருந்தே வாராவாரம் இசையமைத்தார். அதன் டைட்டில் இசை 1985 நவம்பரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. டபிள்யூ. ஜி. 'ஸ்னஃபி' வால்டன் 1970களில் ஸ்ட்ரே டாக் என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர். பிறகு பிறருடைய மேடைகளில் வாசித்தார். 1987-ல் 'தர்ட்டிசம்திங்' வழியாகத் தொலைக்காட்சிக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தேழு. 'தி வெஸ்ட் விங்' டைட்டில் இசைக்கு 2000-ல் எம்மி. மைக் போஸ்டின் 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' டைட்டில் இசையில் 1981-ல் கிட்டார் லாரி கார்ல்டன்; இருவரும் சேர்ந்து கிராமி வாங்கினார்கள். எழுதியவர் போஸ்ட். கார்ல்டன் பெயர் இசைத்தட்டில் வந்ததற்குக் காரணம், அதற்கு முன் பத்து வருடம் அவர் வளர்த்த தொனி.

இது யாருக்கு: தனியாக அறையில் பதினான்கு மணி நேரம் உட்காரக்கூடியவர், ஒரு வருடச் செலவுக்குச் சேமிப்பு உள்ளவர், தன் வாத்தியம் இல்லாமலும் எழுதத் தெரிந்தவர்.

## எந்த வரிசையில்

இருபதுகளில் இருப்பவருக்கு எங்கள் பரிந்துரை: குழுவும் செஷனும் ஒன்றாக. குழுவில் உங்கள் தொனி, செஷனில் வாடகை. வாரத்துக்கு ஒரு மெட்டாவது எழுதி, தேதியோடு பதிவுசெய்து வையுங்கள். முப்பதுகளின் நடுவில் பயணம் சலிக்கத் தொடங்கும்போது தொலைக்காட்சிக்கான மாதிரி இசை தயாராக இருக்கும்: ஆறேழு துண்டு, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள், அதில் பாதியிலாவது கிட்டார் முன்னால் வராமல்.

குடும்பப் பொறுப்பு உடனே இருப்பவர் செஷனில் தொடங்கலாம், ஒரு நிபந்தனையோடு: மாதம் இரண்டு இரவு யாருக்காகவும் இல்லாமல் தன் இசையை மேடையில் வாசிக்க வேண்டும். நேராகத் தொலைக்காட்சியில் இறங்குவதை நாங்கள் ஊக்கப்படுத்துவதில்லை. முடியாது என்பதல்ல, உங்களுக்கென்று தொனி இல்லாதபோது தயாரிப்பாளர் விலையை மட்டும்தான் பேசுவார்.

சென்னையில் கால்ஷீட் கணக்கில் வாசிப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். நீங்கள் எழுதும் இசைக்கு, ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகுங்கள். ஒவ்வொரு படைப்பையும் தனித்தனியாகப் பதிவுசெய்தால்தான் பணம் உங்களைத் தேடி வரும். 2012-ல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, படத்தில் சேர்ந்த இசை திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது வரும் ராயல்டியில் இசையமைப்பாளரின் பங்கை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது. தயாரிப்பு அலுவலகத்தில் நீட்டப்படும் தாளில் 'எல்லா உரிமைகளும்' என்ற வரியைப் பார்த்ததும் இதை நினைவில் கொண்டு, தாளை வீட்டுக்கு எடுத்துவந்து வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.